ஸ்கூல் பஸ் ஏன் மஞ்சள்? மூணாம் வகுப்புக்கு எப்படிச் சொல்றது?

மேலூர் டீச்சர்:
"ஆபத்துன்னா சிவப்புதானே டீச்சர், அப்ப ஸ்கூல் பஸ் மட்டும் ஏன் மஞ்சள்?"னு ஒரு பிள்ளை கேட்குது. 'பளிச்சுனு தெரியும்'னு சொல்லி முடிக்க மனசில்ல. வகுப்புல செஞ்சு காட்டுற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

கண்ணாடிக்காரர்:
நல்ல கேள்வி டீச்சர். சிக்னல்ல சிவப்பு எரியுது. பஸ்ல பூசினா அது வெறும் பெயிண்டு. மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெளிச்சம் குறையக் குறைய கண்ணு முதல்ல கைவிடுறது சிவப்பைத்தான். ஒவ்வொரு கலருக்கும் ஒரு அலைநீளம் உண்டு, அதை நானோமீட்டர்ல அளப்பாங்க. பகல்ல நம்ம கண்ணு 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில, ரொம்பக் கூர்மை. இருட்டுனா அது 507 பக்கம் போயிரும். 620-ஐத் தாண்டி நிக்கிற சிவப்பு ரெண்டுக்குமே தூரம். மார்கழிப் பனியில காலை ஆறரைக்கு அழகர்கோவில் ரோட்டுல சிவப்பு பஸ் வந்தா மங்கிப் போய்த்தான் தெரியும்.

கண்ணுக்குள்ள கலரைப் பிடிக்கிற செல்லுக்குக் கூம்பு செல்னு பேரு. மஞ்சள் பட்டா சிவப்புக்கான கூம்பு செல்லும் பச்சைக்கான கூம்பு செல்லும் ரெண்டுமே நல்லா வேலை செய்யும். பிள்ளைககிட்ட, "கண்ணுக்குள்ள ரெண்டு பேர் ஒண்ணா 'பஸ் வருது'ன்னு கத்துறாங்க"னு சொல்லுங்க, போதும்.

ஆய்வக அண்ணன்:
செஞ்சு காட்ட சார்ட் பேப்பர் போதும். பளபளக்கிற கலர் பேப்பர் வேணாம், மினுக்கம் காட்டிக் கொடுத்துரும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்ல 5 செ.மீ. சதுரமா வெட்டிக்கங்க. பிள்ளை சுவத்துல ஒரு புள்ளியையே பார்க்கணும். காதுக்குப் பின்னாடியிருந்து அரை மீட்டர் தள்ளி சீட்டை மெதுவா முன்னால கொண்டு வாங்க. "தெரியுதா?"ன்னு கேட்டா தப்பாப் போகும், அசைவு முதல்லயே தெரிஞ்சிரும். "என்ன கலர்?"னு கேளுங்க. கண்ணைத் திருப்பாம இருக்கான்னு பார்க்க எதிர்ல ஒருத்தர் நிக்கணும். ஓரப்பார்வையில மஞ்சள் சீக்கிரம் பிடிபடும், சிவப்பும் பச்சையும் லேட்டாத்தான் பிடிபடும்.

அப்புறம் ஜன்னலைச் சாத்திட்டு பத்து நிமிஷம் காத்திருங்க. உடனே கேட்டா கண்ணு இருட்டுக்குப் பழகியிருக்காது. இப்ப சிவப்பு கருத்துரும், மஞ்சள் வெளுப்பா நிக்கும்.

மேலூர் டீச்சர்:
நீலமும் சீக்கிரம் தெரியுமே? பிள்ளைக விடாதுக.

கண்ணாடிக்காரர்:
தெரியும், ஓரப்பார்வையில நீலத்துக்கும் இடம் பெரிசு. ஆனா அடர் நீலம் கொஞ்ச வெளிச்சத்தைத்தான் திருப்பும். தார் ரோடு, புளியமர நிழலுக்கு முன்னாடி அமுங்கிரும்.

பெயிண்டுக் கடை:
ஒரு திருத்தம். எலுமிச்சை மஞ்சள் இல்ல, கேந்திப்பூ மஞ்சள். 1939-ல நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜ்ல ஃபிராங்க் சைர்ங்கிற பேராசிரியர் கூட்டம் போட்டு முடிவு பண்ணது இந்தக் கலர். விடிகாலை மங்கல்ல கருப்பு எழுத்து இதுமேல நல்லா எடுபடும்ங்கிறது பெரிய காரணம். நம்ம தமிழ்நாட்டுல பள்ளி வாகனங்களுக்கான 2012 சிறப்பு விதிகள்படி ஸ்கூல் பஸ்சுக்கு மஞ்சள் கட்டாயம்.

மறுபூச்சு அடிக்கிறவங்க கவனத்துக்கு: மஞ்சள் பெயிண்டுக்கு அடியை மறைக்கிற சக்தி கம்மி. துருப் பிடிக்காம இருக்க அடியில பூசுற சிவப்பு ஆக்சைடு பிரைமர் மேல நேரா அடிச்சா பழுப்படிக்கும். நடுவுல வெள்ளை அண்டர்கோட் ஒண்ணு போட்டுருங்க.