தாது வருடத்தில் பிறந்தவர் எந்தத் தாத்தா?

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் இளைய உறுப்பினர்கள் சிலர், தங்கள் குடும்ப வரலாற்றைத் தேட விரும்புவதாகவும் அதற்கு எந்த இணையதளத்தில் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தார்கள். எந்த இணையதளத்திலும் தொடங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தத் தளங்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதற்காக அமைக்கப்பட்டவை. நமக்கோ தலைமுறைக்கொரு முறை தலைப்பெழுத்தே மாறிவிடுகிறது. அது போதாதென்று பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர், தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிடுவார்.

நானே அப்படிச் செய்தவன். எங்கள் வீட்டு நோட்டு ஒன்றில் 'தாது வருடம் ஆவணி மாதம்' என்று தொடங்கி, கிழமையும் நட்சத்திரமும் சேர்த்து எழுதிய பிறப்புக் குறிப்பு ஒன்று இருந்தது. நோட்டு 1950களைச் சேர்ந்தது என்பதால் அந்தத் தாது வருடம் 1936 என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருடைய பெரியப்பாவின் பிறந்த ஆண்டாக அதைக் குறித்துவைத்தேன். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கொரு முறை சுற்றி வருபவை என்பது தெரிந்தும், 1876ஐப் பற்றி நினைக்கவே இல்லை. பழைய ஏட்டிலிருந்து பிரதி எடுத்த நோட்டு அது என்று அத்தை சொன்ன பிறகு இரண்டு ஆண்டுகளின் பஞ்சாங்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கிழமையும் நட்சத்திரமும் 1876க்குத்தான் பொருந்தின. பிறந்தவர் பெரியப்பா அல்லர், அவருக்குப் பெயர் தந்த கொள்ளுத்தாத்தா. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பஞ்சம் தொடங்கிய ஆண்டில் பிறந்து பிழைத்த குழந்தை! நான் போட்டுவைத்திருந்த கணக்கில் அவருக்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் பேசுவது. பத்திரம் இன்னும் பத்தாண்டு பரணில் கிடக்கும். எண்பத்தைந்து வயது அப்பத்தாவின் நினைவு அதுவரை காத்திருக்காது. ஆனால் அவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கணவர் பெயரைச் சொல்லக் கூசும் தலைமுறை அது; "தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைவிட, "எந்த ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், முதல் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள், பெயர்கள் தாமாக வந்து விழும். உறவுச் சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அண்ணன் என்றால் கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா, தூரத்துப் பங்காளியா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். யார் சொன்னது, என்று சொன்னது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இரண்டு பேர் முரணாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது பத்திரம். என் அனுபவத்தில் இதைவிட வளமான ஆதாரம் இல்லை. பழைய கிரையப் பத்திரம் எதை எடுத்தாலும் எழுதிக்கொடுப்பவரும் எழுதிவாங்குபவரும் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தந்தை பெயரோடும் ஊரோடும்தான் வருவார்கள். ஆக, ஒரே தாளில் இரண்டு குடும்பங்களின் இரண்டிரண்டு தலைமுறைகள் கிடைக்கின்றன. நிலம் 'பிதுரார்ஜிதம்' என்று எழுதியிருந்தால் அது தந்தை வழியில் வந்தது, எனவே அதற்கு முந்தைய பத்திரம் ஒன்றைத் தேடலாம் என்று பொருள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் யோகம்தான். அண்ணன் தம்பிகள் அனைவரும், இறந்துபோன சகோதரரின் மனைவியும் மைனர் பிள்ளைகளும்கூட அதில் இருப்பார்கள். பலரும் படிக்காமல் விட்டுவிடுவது கடைசியில் வரும் செக்குபந்தியை. 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு' என்ற அந்த நான்கெல்லை விவரத்தில் வரும் பக்கத்து நிலத்துக்காரர், முந்தைய தலைமுறையில் பாகம் பிரிந்துபோன பங்காளியாக இருப்பதற்கு நிறையவே வாய்ப்புண்டு. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு ஒரு செக்குபந்தியின் கிழக்கு எல்லையிலிருந்துதான் தெரியவந்தது.

பத்திரம் கையில் இல்லாதவர்கள், தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் விவரம், பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் 1975 முதலான பதிவுகளே கிடைக்கும். அங்கே இல்லாத பழையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத்தான் ஆக வேண்டும். பழைய வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில், அதாவது நிலவரிக்கென்று வைத்திருந்த தனி ஆண்டுக் கணக்கில், இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். ஜூலை முதல் தேதிதான் அதன் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியைச் சந்தேகத்தோடு பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்று ஆசிரியர் எழுதிய தேதி அதில் ஏராளம்.

பத்திரங்களில் பெண்கள் அநேகமாக இல்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது; அதற்கு முன் நிலத்தின் வழியே தேடினால் பெரும்பாலும் ஆண்களின் வரிசையே கிடைக்கும். விட்டுப்போன பெண் வழியை மீட்டுத் தருவது மொய் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும் பட்டியலில் ஒரே ஊர்ப் பெயர் அடுத்தடுத்து ஏழெட்டு முறை வந்தால், பெண் எடுத்த ஊரோ கொடுத்த ஊரோ அதுவாக இருக்கலாம்.

கடல் கடந்துபோன கிளையைத் தேடுகிறவர்களுக்கு, போன நாட்டைப் பொறுத்துத்தான் ஆதாரம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை குறித்திருக்கிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்கள் அவை. கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஊர் பிடிபடும். இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பிய குடும்பங்களில் அன்று தந்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருந்தார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், அந்தச் சோதனை தூரத்து உறவையும் நெருங்கிய உறவாகக் காட்டிவிடும். பணத்தைச் செலவழிக்குமுன் அதை மனத்தில் கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் மொய் நோட்டோ பழைய பத்திரமோ இருந்தால், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். தத்து, இரண்டாம் தாரம், பாகத் தகராறு போன்றவை அவற்றில் இருக்கக்கூடும் என்பதால் குழுவுக்குப் பொதுவாக அனுப்ப வேண்டாம். எழுத்துப் புரியாத இடங்களை நானும் அத்தையும் உட்கார்ந்து படித்துத் தருகிறோம். தமிழ் எண்களில் எழுதிய தொகைகளை அவர்தான் என்னைவிட வேகமாகப் படிப்பார்.