பொன்சன்பியை எங்கே சந்தித்தீர்கள்? நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்

போன கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு, படகேறி, ஐல் ஆஃப் வைட் தீவில் இருக்கும் ஆஸ்பர்ன் மாளிகைக்குப் போயிருந்தேன். விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் இறந்தது அங்கேதான். இந்தியர்களின் உருவப்படங்களாக மாட்டியிருக்கும் நடையில் அம்மா ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். “யாருடா இது, ஜமீன்தாரா?” அது அப்துல் கரீம். 1887இல் பரிமாறும் வேலைக்கு வந்து, ராணிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்கும் முன்ஷியாக உயர்ந்தவர்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வேறொருவர் நினைவுதான் வந்தது. ஃபிரெடரிக் பொன்சன்பி. ஈட்டனில் படித்தவர், கிரனேடியர் கார்ட்ஸ் அதிகாரி. அப்பா ஹென்றி 1870 முதல் 1895 வரை ராணியின் அந்தரங்கச் செயலர். தாத்தா வாட்டர்லூவில் வெட்டுப்பட்டு, முதுகில் ஈட்டிக்குத்தும் வாங்கி, ராத்திரி முழுக்கக் களத்திலேயே கிடந்து எப்படியோ பிழைத்தவர். பேரன் ஃபிரெடரிக்குக்கு அரண்மனை வேலை தேடி வந்தபோது அவர் இந்தியாவில் வைஸ்ராய் எல்கினிடம் ஏ.டி.சி., அதாவது கூடவே இருக்கும் உதவி ராணுவ அதிகாரி. முன்ஷியின் அப்பா ஆக்ராவில் பெரிய சர்ஜன் ஜெனரல், போய்ப் பார்த்துவிட்டு வா என்று ராணி சொல்லியனுப்ப, இவர் போய்ப் பார்த்தால் அவர் ஜெயிலில் மருந்து கொடுப்பவர், நம் ஊர்ப் பேச்சில் கம்பவுண்டர். வந்து அதை அப்படியே ராணியிடம் போட்டு உடைத்துவிட்டார். நீ பார்த்தது வேறு ஆள் என்று ராணி சாதித்ததோடு, ஒரு வருஷம் விருந்துக்கே கூப்பிடவில்லையாம். அவரே எழுதிவைத்திருக்கிறார். பெரிய இடத்தில் உண்மை பேசிய ஆள் என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

*

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன் அண்ணா. உண்மை பேசிய ஆள் என்கிறீர்கள், அவர் சாமர்த்தியமாக மறைத்த இடம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. குரோன்பெர்க்கில் உள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹோஃப் மாளிகை இப்போது ஓட்டல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போயிருந்தேன் (காபி விலையைக் கேட்காதீர்கள்). விக்டோரியாவின் மூத்த மகள், ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் அம்மா, புற்றுநோயோடு கிடந்த வீடு அது. 1901 பிப்ரவரியில் அக்காவைப் பார்க்க ஏழாம் எட்வர்ட் வந்தார், கூடவே பொன்சன்பி. அந்த அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் என் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விடு, என் மகனுக்குத் தெரியக்கூடாது என்றாராம். ஏதோ சின்னக் கட்டு வரும் என்று இவர் காத்திருக்க, நடுராத்திரி ஒரு மணிக்கு லாயத்து ஆட்கள் நாலு பேர் கறுப்பு மெழுகுத்துணி சுற்றிய இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்! வீடு முழுக்கக் கைசரின் ஆட்கள். எப்படி ஒளிப்பது? ஒளிக்கவே இல்லை. ஒன்றில் ‘புத்தகம்’, இன்னொன்றில் ‘பீங்கான்’, கவனமாகக் கையாளவும் என்று எழுதித் தன் மூட்டைகளோடு வைத்துவிட்டார். எல்லாரும் பார்க்கத்தான் போனது.

ஆகஸ்டில் அந்த அம்மாள் இறந்ததும் கைசரின் ஆட்கள் மாளிகையையே சல்லடை போட்டுத் தேடினார்கள். 27 வருஷம் கழித்து, 1928இல்தான் பொன்சன்பி கடிதங்களைப் புத்தகமாக்கினார். மகனைப் பற்றிய கசப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. இறக்கும் தறுவாயில் இருந்தவர் காப்பாற்றத்தான் கொடுத்தாரா, அச்சடிக்கவும் கொடுத்தாரா? எனக்கு இதில் உறுத்தல் உண்டு. கைசர் தடுத்துப் பார்த்து, முடியாமல், கடைசியில் ஜெர்மன் பதிப்புக்குத் தானே முன்னுரை எழுதினார், அது தனிக் கூத்து.

*

தம்பிகளா, அந்த ஆக்ரா கதைக்கு நான் வருகிறேன். என் அப்பா அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் கம்பவுண்டர். எங்கள் ஊரில் ஒருவர்கூட அவரை அப்படிச் சொன்னதில்லை, டாக்டர் ஐயாதான். ராத்திரியில் தேள் கடித்தால் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா ‘டாக்டர்’ என்றே போட்டுவிட, அப்பா கூச்சப்பட்டாரே தவிர மாற்றச் சொல்லவில்லை. முன்ஷி தன் அப்பாவைப் பற்றி ராணியிடம் என்ன சொன்னாரோ, அது ராணி காதில் எப்படி விழுந்ததோ. பொன்சன்பி சொன்னது உண்மைதான், ஆனால் அந்த அரண்மனைக் கூட்டம் முழுக்க முன்ஷியைக் கீழே இறக்கக் காத்துக்கொண்டிருந்தது, இவரும் அதில் ஒருவர். ராணி இறந்ததும் முன்ஷியிடம் இருந்த கடிதங்களை எட்வர்ட் வாங்கி எரிக்கவைத்தார். ஜெர்மன் கடிதங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்குப் பெட்டி தூக்க ஆள் இருந்தது.

*

ஐயா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அதானே” என்றார். அவருக்குக் கண்புரை, போனில் எழுத்தைப் பெரிதாக்கு, இன்னும் கறுப்பாக்கு என்று தினமும் எனக்கு வேலை. அதில் ஞாபகம் வந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராணிக்கும் கடைசிக் காலத்தில் இதே கண்புரை, இதே புகார். பொன்சன்பி தனியாக ஒரு கெட்டி மை வாங்கினார், அதற்கு ஒற்றுத்தாள் சரிப்படவில்லை, செப்புத் தட்டு செய்வித்து அடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி ஒவ்வொரு தாளாகக் காயவைத்தார். கார்ட்ஸ் படை அதிகாரி, அப்பளம் வாட்டுகிற மாதிரி. அம்மா சிரித்துவிட்டு, “பாவம், அந்தப் பையனும் நல்ல பையன்தான்” என்கிறார்.