பேக்டரி ஓவர்கிளாக் பண்ண ஐ7 பிசிக்கு 18,000 எக்ஸ்ட்ரா குடுக்கலாமா?

பெரம்பூர்_எடிட்டர்:
வணக்கம் நண்பர்களே, நான் கல்யாண வீடியோ எடிட் பண்றேன். பழைய சிஸ்டம்ல 4கே டைம்லைன் நகரவே மாட்டேங்குது, அதான் புதுசா அசெம்பிள் பண்ணலாம்னு போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஒரு கடையில இன்டெல் ஐ7 14700கே ப்ராசஸர் போட்டு, அதோட பி கோர் (வேகமான மெயின் கோர்) எல்லாத்தையும் நார்மல் ஸ்பீடை விட ஏத்தி 5.7 கிகாஹெர்ட்ஸ்ல செட் பண்ணி, 360 எம்எம் லிக்விட் கூலரோட பேக்டரி ஓவர்கிளாக்டுன்னு தர்றாங்க, சாதா பில்டை விட 18,000 ஜாஸ்தி. என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ, ஏசி கிடையாது, முகூர்த்த சீசன்ல ராத்திரி பூரா ரெண்டர் (எடிட் பண்ணதை ஃபைனல் வீடியோவா மாத்தறது) ஓடும். வாங்கலாமா?

சைதை_வோல்டேஜ்:
வேணாம் ப்ரோ. பேக்டரின்னு அவங்க சொல்றது இன்டெல் பேக்டரி இல்ல, கடையில உக்காந்து பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்ல) மாத்தறதுதான். 14700கே சும்மா விட்டாலே பி கோர் 5.5 வரைக்கும் போகும். 5.7ன்னா நாலு பர்சன்ட் கூட இல்ல, ஒரு மணி நேர ரெண்டர்ல ரெண்டு நிமிஷம் மிச்சமாகும் அவ்ளோதான். ஆனா அதுக்கு வோல்டேஜ் ஏத்தணும், வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே சூடு அதைவிட வேகமா ஏறும், ஓவர்கிளாக் பண்ணாமலே ஃபுல் லோடுல 253 வாட் இழுக்கற சிப் இது. எவ்ளோ பெரிய கூலரா இருந்தாலும் ரூம் காத்தை விட கீழ இறக்காது, கத்திரி வெயில்ல உங்க ரூம் காத்தே 38, 40 இருக்கும். 100 டிகிரி தொட்டா ப்ராசஸர் தானாவே ஸ்பீடை குறைச்சுக்கும், அப்ப 18,000 எதுக்கு?

இன்னொண்ணு, இன்டெல் 13, 14வது ஜெனரேஷன்ல (14700கே 14வது) வோல்டேஜ் அதிகமா போய் சிப் தேயற பிரச்சனைய 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டாங்க, ஆகஸ்ட்ல அதுக்கு மைக்ரோகோட் (பயாஸ் வழியா வர்ற ப்ராசஸர் அப்டேட்) விட்டாங்க, பாக்ஸ் ப்ராசஸருக்கு வாரண்டிய மூணு வருஷத்துலேர்ந்து அஞ்சாக்கினாங்க. ஓவர்கிளாக் பண்ணா அந்த வாரண்டிக்கே ஆபத்து.

மடிப்பாக்கம்_ஃபிரேம்ஸ்:
நான் அப்படி ஒண்ணு வாங்கி பட்டவன். கடை ஏசில அருமையா ஓடுச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டாவது மாசம் ரிசப்ஷன் வீடியோ பாதி ரெண்டர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ளூ ஸ்கிரீன், மறுநாள் பொண்ணு வீட்டுக்கு டெலிவரி, அழுகையே வந்துருச்சு. கடையில கேட்டா மதர்போர்டு மேல பழி போட்டாங்க. கடைசில நானே பயாஸை டீஃபால்ட்டுக்கு மாத்தினேன், அப்புறம் ஒரு தடவை கூட நிக்கல.

உங்க கேமரா 10 பிட் 4:2:2 எச்ஈவிசி (கலர் டீடெயில் ஜாஸ்தி இருக்கற வீடியோ ஃபார்மட்) எடுக்குதுன்னா டைம்லைன் ஸ்மூத்தா ஓட கிளாக் ஸ்பீடை விட க்விக் சிங்க்தான் (வீடியோவை டீகோட் பண்ற இன்டெல் வசதி) முக்கியம். அது ப்ராசஸருக்குள்ள இருக்கற கிராபிக்ஸ்ல இருக்கு, 14700கேஎஃப் மாடல்ல கிராபிக்ஸே கிடையாது. பில்லுல 14700கேன்னு இருக்கான்னு பாருங்க, கேஎஃப் கைல குடுத்துருவாங்க.

பெரம்பூர்_எடிட்டர்:
ரொம்ப நன்றிண்ணா, கேஎஃப் விஷயம் தெரியவே தெரியாது, அவங்க கொட்டேஷன்ல கேஎஃப்னுதான் இருக்கு! மிச்ச காசுல என்ன போடலாம்?

சைதை_வோல்டேஜ்:
ரேம் 64 ஜிபி, நல்ல யூபிஎஸ். ட்ரே (பாக்ஸ் இல்லாம லூஸா வர்ற ப்ராசஸர்) வேணாம், பாக்ஸ் பீஸா கேளுங்க, ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் எழுத சொல்லுங்க. லேட்டஸ்ட் பயாஸ் போட்டு இன்டெல் டீஃபால்ட்ல வெச்சு கடையிலயே ஒரு மணி நேரம் ஓட்டி காட்ட சொல்லுங்க. சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலைல கடை திறந்ததும் போங்க.