மொசைக் தொட்டியில் சில்லுகள் உதிர்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மா ஆசையாய் வைத்திருந்த பீங்கான் தட்டு உடைந்துபோனது. தூக்கிப்போட மனம் வரவில்லை. சில்லுகளை ஒரு மண்தொட்டியில் வெள்ளைப் பசையால் ஒட்டி, இடைவெளிகளில் வெள்ளைச் சிமெண்ட் நிரப்பினேன். தட்டின் நீல ஓரக்கோடு தொட்டியைச் சுற்றி மறுபடி ஒன்றுசேர்ந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

செடி வைத்துத் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் வாரமே அடிவரிசைச் சில்லுகள் விரல் பட்டாலே கழன்று வருகின்றன. பின்புறம் பசை பால்போல் குழைந்திருக்கிறது. சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும், வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும் என்பது இப்போதுதான் உறைத்தது.

முழுவதையும் பெயர்த்து, டைல் ஒட்டும் சிமெண்ட் கலவையால் மீண்டும் ஒட்டலாமா? தொட்டியின் உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு அடித்தால் போதுமா? முக்கியமாக, இறுகிய சிமெண்டைச் சில்லுகள் உடையாமல் சுரண்டுவது எப்படி? இன்னொரு தட்டு கிடையாது. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.