டாக்ரோலிமஸ் லெவல்: ரத்தம் கொடுக்கப் போகும் அன்று நடக்கும் தவறுகள்

மாற்றுப் பிரிவு செவிலியர்:
கல்லீரல் மாற்று முடிந்து வீட்டுக்குப் போனவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. உடம்பு புதுக் கல்லீரலை எதிர்க்காமல் தடுக்கும் மருந்துதான் டாக்ரோலிமஸ்; அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் லெவல். காலை எட்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு ரத்தம் கொடுக்க வருவார்கள். மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறியிருக்கும் நேரம் அது. லெவல் 7 வர வேண்டியவருக்கு 15 வந்து நிற்கும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், உடம்பு புதுக் கல்லீரலை எதிர்க்கத் தொடங்கிவிடும். ராத்திரி எட்டுக்குப் போட்டவர் மறுநாள் காலை எட்டுக்கு, மாத்திரைக்கு முன்னால், ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள். ஊசியை எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். மறந்து போட்டுவிட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள், ரத்தத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

மருந்தாளுநர்:
பேதியையும் இதோடு சேர்க்க வேண்டும். மருந்தெல்லாம் வெளியே போயிருக்கும் என்று கூடுதலாக ஒன்று போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. குடல் சுவர் வழக்கமாக இந்த மருந்தில் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். பேதியில் அந்த வேலை குறைவதால் லெவல் ஏறும். காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கூடும். பேதி நிற்கவில்லையென்றால் உடனே போன் செய்து லெவல் பார்க்கக் கேளுங்கள். பம்பளிமாஸ் பழம், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் எல்லாமே லெவலை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்குத் தனி அடி.

ஒருங்கிணைப்பாளர்:
கல்லீரல் புற்றுநோய்க்காக மாற்றியவர்களுக்கு லெவல் இன்னும் முக்கியம். இவர்களைப் பெரும்பாலும் 1996-ல் வந்த மிலான் அளவுகோலை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள்: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கக் கூடாது, வெளியே பரவியிருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைத் தேவைக்கு மேல் அடக்கினால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடலாம் என்பதால், லெவலை அளவோடுதான் வைப்பார்கள். பக்கத்து வார்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். கட்டி திரும்புகிறதா என்று பார்க்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் தேதிகளையும் தவறவிடாதீர்கள்.

மருந்தாளுநர்:
ஒன்று விட்டுப்போயிற்று. கடையில் “அதே மருந்துதான்” என்று வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தால் அப்படியே மாறிவிடாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் நாளில் லெவல் பாருங்கள். நாளுக்கு இருமுறை போடும் வகையைத் தவிர ஒருமுறை போடும் வகையும் இருக்கிறது, 0.5, 1 மி.கி. என்று இரண்டு வகையிலும் ஒரே எண் அச்சடித்திருக்கும். பழைய அட்டையைக் கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.