பழைய சீகல் அவுட்போர்டு: முழுவதும் பிரிக்கணுமா, அப்படியே ஓட்டிப் பார்க்கலாமா?

கரையோரத்தான்:
வணக்கம் மக்களே. நான் இருப்பது சவுத்தாம்ப்டன் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீடு மாறிப் போகிறார், அவருடைய ஷெட்டில் பல வருஷமாகக் கிடந்த பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்றை "எடுத்துக்கொள், இல்லையென்றால் பழைய இரும்புக்குத்தான் போகும்" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். சில்வர் செஞ்சுரி மாடல், 102 சிசி, நீளத் தண்டு, ஐந்து இதழ் புரொப்பெல்லர். கிளட்ச் கிடையாது. வெளித் தோற்றம் மோசமில்லை, பித்தளை டேங்க் நசுங்காமல் இருக்கிறது, ஆனால் உள்ளே பெட்ரோல் காய்ந்து பழுப்பு நிறத்தில் பிசின் பிசினாக ஒட்டியிருக்கிறது. ஃப்ளைவீல் (மேலே இருக்கும் சுழல் சக்கரம்) சுற்றுகிறது, ரொம்ப இறுக்கமாக. கியர்பாக்ஸ் திருகைத் திறந்தால் பால் கலந்த காபி மாதிரி ஒன்று வழிந்தது.

எனக்கு பைக் வேலை கொஞ்சம் தெரியும், படகு இன்ஜின் இதுதான் முதல் தடவை. டிங்கி என்கிற சின்னப் படகு ஒன்றில் மாட்டி ஆற்றில் போய்வந்தால் போதும், கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. முதலில் முழுவதும் பிரித்துவிடலாமா? ஆயில் விஷயமும் குழப்புகிறது: பழைய கையேட்டில் பத்துக்கு ஒன்று கலக்கச் சொல்லியிருக்கிறது, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. இந்தக் காலத்தில் அவ்வளவு ஊற்றினால் புகையைப் பார்த்து ஆற்றங்கரையில் எல்லாரும் என்னை முறைப்பார்களே? பெயிண்ட் அடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஸ்பேனர்சாமி:
பிரிக்காதீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதையாகிவிடும். சீகலில் இருப்பதே ஒரு கைப்பிடி பாகம்தான். ஆனால் பல காலம் உப்புத் தண்ணீர் குடித்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டால் அது கழல்வதற்குப் பதில் முறியும், அப்புறம் அந்த முறிந்த போல்ட்டை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாக மெல்லிய ஆயில் கொஞ்சம் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள், கயிறு வேண்டாம். பெரும்பாலும் பழைய ஆயில் பிசின் பிடித்து பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும், இரண்டு நாள் ஊறினாலே இளகிவிடும். இளகியதும் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துச் சுற்றிப் பாருங்கள், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் கம்ப்ரஷனுக்கு இப்போதைக்கு அது போதும்.

அடுத்தது ஸ்பார்க். உங்கள் ஊரில் கிடைக்கும் பழைய சீகல்களில் அனேகமாக வில்லியர்ஸ் அல்லது விப்பாக் மேக்னெட்டோதான் (பேட்டரி இல்லாமல் பொறிக்கு மின்சாரம் தருவது). அதற்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை மடித்து இரண்டு முனைக்கும் நடுவில் ஓட்டுங்கள், பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த அட்டைத்துண்டை இழுத்துத் துடைத்துவிடுங்கள். இடைவெளி 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர். பிளக்குக்கும் அதே அளவு, இடைவெளி அளக்கும் ஒரே ஃபீலர் கேஜ் இரண்டுக்கும் ஆகும். பிளக்கின் உடம்பை வெறும் உலோகத்தில் தொடவைத்து நிழலில் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி வந்தால் பாதி வேலை முடிந்தது. பாயிண்ட்டிலேயே பெரிதாகப் பொறி தெறித்து பிளக்கில் மங்கலாக இருந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். பிளக் வயரை வளைத்துப் பாருங்கள், ரப்பர் உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

டேங்குக்குள் கொஞ்சம் தின்னர் ஊற்றி, சின்னச் சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். பித்தளை என்பதால் உள்ளே துருப்பிடித்திருக்காது, பிசின் போனால் சரி. போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்!

பெயிண்ட் பற்றி என் கருத்து: வேண்டாம். இது வேலைக்காகச் செய்த இன்ஜின். முதலில் ஓடட்டும்.

நெய்தல்:
பத்துக்கு ஒன்றெல்லாம் அந்தக் கால ஆயிலுக்குச் சொன்னது. இப்போது படகு டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்று வரும் டிசி-டபிள்யூ3 ஆயில் எவ்வளவோ மேல். என் யமஹாவில் ஐம்பதுக்கு ஒன்றுதான், ஒரு பிரச்சினையும் இல்லை. அதையே போடுங்கள், புகையும் வராது.

வடமராட்சியான்:
நெய்தல் தம்பி, உங்கள் யமஹாவுக்கு அது சரி. சீகலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பாவம் அந்தப் பிள்ளை இன்ஜினைக் கெடுத்துவிடும்.

யமஹாவில் கிராங்க் தண்டு உருளை பேரிங்கில் ஓடுகிறது, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிறது. பழைய சீகலில் அந்த இரண்டும் இல்லை. நீளமான வெண்கல புஷ்ஷுக்குள் (குழாய் போன்ற உறை) தண்டு நேரடியாகச் சுற்றுகிறது. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆயில் படலம்தான் தேய்மானத்தைத் தடுக்கிறது, கிராங்க்கேஸ் (தண்டு இருக்கும் கூடு) அழுத்தம் வெளியே போகாமல் அடைப்பதும் அதே படலம்தான். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த அழுத்தம் இல்லையென்றால் பெட்ரோல் மேலே ஏறாது. ஆயிலைக் குறைத்தால் முதலில் ஸ்டார்ட் பிடிக்கச் சிரமப்படும், பிறகு புஷ் தேயும், பிறகு எப்போதுமே ஸ்டார்ட் பிடிக்காது. ஆயில் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இல்லாத சீலை அது கொண்டுவராது. இன்னொன்றும் இருக்கிறது, கார்புரேட்டர் ஜெட்டும் ஊசியும் அந்தக் கலவைக்கென்று அளந்து வைத்தவை. ஆயில் குறைந்தால் அதே துளை வழியாகப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிவிடும், பிளக் கறுத்து நனையும். பிந்தி வந்த சீகல்கள் 25-க்கு ஒன்றில் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அது கார்புரேட்டரையும் சேர்த்து மாற்றிச் செய்தது. உங்களுடையது எந்தக் காலத்து இன்ஜின் என்று கிராங்க்கேஸில் குத்தியிருக்கும் இலக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெரியாதவரைக்கும் பத்துக்கு ஒன்றுதான். புகை வரும், தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் தெரியும், அதனால் குளிக்கும் இடத்துக்கோ சின்னக் குளத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். அந்தக் குறையை நான் மறைக்கப்போவதில்லை.

கியர்பாக்ஸ் காபியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. புரொப்பெல்லர் தண்டில் இப்போதைய மாதிரி ஆயில் சீல் கிடையாது, கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், கொஞ்சம் ஆயில் வெளியே போகும், அந்தக் கட்டமைப்பே அப்படி. அதனால்தான் எஸ்ஏஈ 140 என்ற தடித்த கியர் ஆயில் போடுகிறார்கள். பழையதை வடித்து, பாரஃபின் (மண்ணெண்ணெய்) விட்டு அலசி, புதியதை ஊற்றுங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள், சூடேறினால் விரிய இடம் வேண்டும். சீசனுக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

எங்கட பக்கம் பருத்தித்துறையில் மண்ணெண்ணெய் இன்ஜின்கள்தான், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கடலிலிருந்து வந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் ஓடவிட்டு உப்பைக் கழுவிய பிறகுதான் இன்ஜினைத் தோளில் தூக்குவோம். சீகலுக்கும் அதே வைத்தியம்தான். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகும் வழியில் உப்பும் மணலும் இறுகியிருந்தால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும். முதல் ஓட்டத்தில் சுற்றி வந்த தண்ணீர் வெளியே விழுகிறதா என்று பாருங்கள், சிலிண்டரில் கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் இன்ஜினை நிறுத்துங்கள்.

நெய்தல்:
சீல் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி அண்ணா. சரி, வாபஸ்.

கரையோரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ஆயில் ஊறியதும் ஃப்ளைவீல் லேசாகிவிட்டது, பாயிண்ட்டைத் துடைத்ததும் ஸ்பார்க் வந்துவிட்டது! கண்டென்சரைத் தொடவே இல்லை. வயர் மட்டும் புதிது.

இப்போது இரண்டு சந்தேகம். பெட்ரோல் டேப் சொட்டிக்கொண்டே இருக்கிறது, இழுத்துத் திறக்கும் வகை, உள்ளே தக்கை மாதிரி ஏதோ தெரிகிறது. அப்புறம் புரொப்பெல்லரைக் கையால் ஆட்டினால் தண்டோடு சேர்ந்து திரும்பாமல் ஸ்பிரிங் மாதிரி கொடுத்துக் கொடுத்து வருகிறது. உடைந்திருக்கிறதா?

ஸ்பேனர்சாமி:
உடையவில்லை, அது உண்மையிலேயே ஸ்பிரிங்தான். மற்ற பழைய இன்ஜின்களில் கல்லில் பட்டால் முறிவதற்கென்று ஒரு பின் இருக்கும், சீகலில் அதற்குப் பதில் தடித்த சுருள் கம்பி. புரொப்பெல்லர் தண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், சுருள்தான் அதை இழுத்துச் சுற்றுகிறது. அடி பட்டால் சுருள் வாங்கிக்கொள்ளும், கியர் தப்பிக்கும். அதன் கொக்கி முனைகள் தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கடைசியில் இருக்கும் ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்ப மாட்டினால் புரொப்பெல்லர் ஆற்றின் அடியில்தான்.

டேப்பில் இருப்பது தக்கையேதான். காய்ந்து சுருங்கியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் சில சமயம் உப்பிக்கொள்ளும், இல்லையென்றால் புதியது வாங்குங்கள், சீகல் பாகம் மட்டும் விற்கும் கடைகள் இங்கிலாந்தில் இன்னும் இருக்கின்றன. இன்னொரு விஷயம், உங்கள் நாட்டில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் ஈ10 (10 சதவீதம்வரை எத்தனால் கலந்தது). எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். சூப்பர் பெட்ரோலில் பெரும்பாலும் ஈ5 கிடைக்கும், அதையே வாங்கிக்கொண்டு குழாயையும் மாற்றிவிடுங்கள். ஓட்டி முடித்ததும் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

வடமராட்சியான்:
ஓட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள் தம்பி. கிளட்ச் இல்லை என்றால் நியூட்ரலும் இல்லை. ஸ்டார்ட் ஆன அந்த நொடியே படகு கிளம்பிவிடும். மூக்கு திறந்த தண்ணீரைப் பார்த்து நிற்கட்டும், முன்னால் இன்னொரு படகு இருக்கக் கூடாது. ஃப்ளைவீலுக்கு மூடி கிடையாது, மேலே வெட்டவெளியில் சுற்றும், தொளதொளச் சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் வேண்டாம். கயிற்றின் முடிச்சைப் பள்ளத்தில் மாட்டிச் சுற்றி இழுக்கும்போது மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், முடிச்சு கழலாமல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். உங்களுக்குப் பின்னால் யாரும் உட்காரவும் கூடாது, கயிறு முகத்தில் அடிக்கும்.

முதலில் வீட்டுத் தோட்டத்திலேயே பெரிய குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். தொட்டிக்கு மேல் கனமான பலகை வைத்து அதில் இறுக்கிக் கட்டுங்கள், புரொப்பெல்லரும் தண்ணீர் பம்பும் நன்றாக முங்க வேண்டும். ஐந்து இதழும் சேர்ந்து பாதித் தண்ணீரை உங்கள் காலில் கொட்டும், ஹோஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் டிக்ளரை (பெட்ரோலை நிரப்பும் சின்னப் பொத்தான்) அழுத்தி பெட்ரோல் சொட்டியதும் சோக்கை (காற்று அடைப்பான்) மூடி, த்ராட்டிலை மூன்றில் ஒரு பங்கு வைத்து இழுங்கள். பிடித்ததும் சோக்கைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

கரையோரத்தான்:
சனிக்கிழமை தொட்டியில் ஏற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் துணியைக் கொடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லியாகிவிட்டது.