புதுப்பிப்பு: ஃபெயில்ஸ்லாப் போட்டால் ஷெல்லே சாகிறது – தீர்ந்தது

லினக்ஸ் கர்னலில் நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் (failslab) வசதியைப் போட்டால், சோதிக்கும் டிரைவரை விட்டுவிட்டு ஷெல் விழுகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது, எந்த நிரலின் ஒதுக்கீட்டையும் குத்துமதிப்பாகத் தோற்கடிக்கும் ப்ராபபிலிட்டி அமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபெயில்-என்த் (fail-nth) கோப்புக்கு மாறிவிட்டேன். அதில் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக எழுதி ஓட்டினால் அந்த த்ரெட்டின் அத்தனையாவது அழைப்பு மட்டும் தோற்கும், பிறகு படித்துப் பார்த்து 0 வந்தால் அடி விழுந்திருக்கிறது, எண் மிச்சமிருந்தால் அத்தனை அழைப்புகள் இல்லை, அந்தப் பாதை முடிந்தது, நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் (ignore-gfp-wait) என்ற அமைப்பை மறக்காமல் 'N' (இல்லை) ஆக்குங்கள். இயல்பு நிலையில், தூங்கக்கூடிய (நினைவகம் கிடைக்கும்வரை காத்திருக்கக்கூடிய) ஒதுக்கீடுகளை ஃபெயில்ஸ்லாப் தொடவே தொடாது. டிரைவர்கள் செய்யும் ஒதுக்கீடுகளில் பெரும்பாலானவை அந்த வகைதானே!

கர்னலில் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் (KASAN) சீக்கிரமே கத்தியது: டிரைவர், இரண்டாவது பஃபர் கிடைக்காதபோது கோட்டோ குதித்த லேபிளில் முதல் பஃபரை விடுவித்து, ரிட்டர்ன் இல்லாததால் அடுத்த லேபிளிலும் அதையே மறுபடி விடுவிக்கிறது. பேட்ச் அனுப்பியாயிற்று.